தேன்மலரின் சுருள் ஜெல்

மாலை ஐந்து மணிக்கு, உப்புத்தூசி வீசப்போகிறது என்று எச்சரிக்கும் சங்கு ஊதியது. தூத்துக்குடி கடற்சுவர்க் குடியிருப்பில் வெளியே நின்றவர்கள் முகமூடியை இறுக்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஒவ்வொரு கதவும் பெயர் சொல்லி அழைத்துத் திறந்தது. முகமே வெளியில் தெரியாத ஊரில் கதவுகள் தலைமுடியைப் பார்த்துத்தான் ஆளை அறிந்தன. கேசப்பதிவு என்பார்கள். முடியை வெட்டினாலும் சாயம் பூசினாலும் பதிவகத்தில் போய்ச் சொல்லிவிட வேண்டும். இறந்தவர்களின் பதிவு தொண்ணூறாம் நாள் மாலை ஆறு மணிக்கு அழிந்துவிடும்.

தங்கை தேன்மலர் போய் இன்று தொண்ணூறாம் நாள். பவளமணி குளியலறைக் கண்ணாடி முன்னால் தங்கையின் சுருள் ஜெல் டப்பாவோடு நின்றாள். கதவு அந்தப் பெயரை இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லிக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. தேன்மலருக்குச் சுருட்டை முடி. இவளுக்கோ கோடு போட்டாற்போல் நேர்முடி. காய்ந்த தலையில் ஜெல்லை அள்ளி அப்பினாள். சற்று நேரத்தில் தலை முழுக்க வெள்ளைப் பொருக்கு.

கூப்பிட்டதும் வந்த எதிர்வீட்டு ஸ்டெல்லா வாயில் கை வைத்தாள்.

"ஏக்கா, என்ன செஞ்சு வச்சிருக்கீய? தோசமாவு கொட்டுன மாதிரி இருக்கு!"

"அவ இப்படித்தான பூசுவா?"

"அவ குளிச்சிட்டு, தண்ணி சொட்டச் சொட்டப் பூசுவா. மொதல்ல தலையக் கழுவுங்க."

ஈர முடியில் ஸ்டெல்லா ஜெல்லைத் தடவினாள். நுனியைக் கையில் அள்ளி மேல்நோக்கிக் கசக்கினாள். கற்றை கற்றையாக விரலில் சுற்றி விட்டாள்.

"உங்க முடிக்கு அலைதான்க்கா வரும். சுருள் வந்தாலும் பத்து நிமிசம் நிக்காது."

"பத்து நிமிசம் போதும்ட்டி."

துண்டால் தலையை மூடி, முகமூடியை மாட்டிக்கொண்டு ஸ்டெல்லாவோடு வெளியே வந்தாள். முடி மறைந்திருந்ததால் பவளமணி வெளியே போனது கதவுக்குத் தெரியவில்லை. நடையில் நின்று துண்டை எடுத்தபோதே பாதிச் சுருள் நெகிழ்ந்திருந்தது. மணி ஐந்து ஐம்பது. கதவின் சிவப்பு ஒளி அவள் தலைமீது ஊர்ந்தது. திரும்பவும் ஊர்ந்தது.

"தலைய ஆட்டாதீய," என்று ஸ்டெல்லா முணுமுணுத்தாள்.

பச்சை எரிந்தது.

"வாங்க, தேன்மலர்."

கதவு அத்தோடு நிறுத்தவில்லை.

"நீங்க சொல்லச் சொன்னபடி சொல்றேன். அக்கா வீட்லதான் இருக்காங்க. மத்தியானம் அடுப்பு பத்தல. இன்னும் சாப்பிடல."

தேன்மலர் தினமும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "இன்னைக்கும் பட்டினியா?" என்று கத்திக்கொண்டேதான் உள்ளே வருவாள். கையில் ஏதாவது பொட்டலம் இருக்கும். எப்படித்தான் கண்டுபிடிக்கிறாளோ என்று பதினோரு வருஷம் வியந்திருக்கிறாள் பவளமணி.

அவள் உள்ளே போய் அரிசி களைந்தாள். ஒரு கற்றை சுருள் அவிழ்ந்து நெற்றியில் நேராக விழுந்தது. ஒதுக்கவில்லை. ஆறாக இரண்டு நிமிடம் இருக்கும்போது அடுப்பைப் பற்றவைத்தாள்.

கதவுக்குத் தெரியட்டும்.