வாண்டும் வண்டும்

காலையில் எழுந்தபோது வாண்டுவின் மணிக்கட்டில் ஒரு கொப்புளம் இருந்தது. திராட்சைப் பழம் போல உப்பியிருந்தது.

"இது சூடு பட்டதுதான்," என்றாள் அம்மா. "ஏங்க, நேத்து இஸ்திரிப் பெட்டிய அணைக்காம விட்டுட்டீங்களா?"

அப்பா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் அவர் கடை. "அணைச்ச மாதிரிதான் ஞாபகம்," என்றார். ஆனால் அவர் முகம் வாடிவிட்டது. மகனின் கையைப் பிடித்து ஊதிக்கொண்டே இருந்தார். அவருடைய தேநீர் ஆறிப்போனது.

வாண்டு வாயே திறக்கவில்லை. அவன் பேசாமல் இருந்தால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். அவனைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனாள்.

"சூடு பட்டிருந்தா நீ ஊரையே கூட்டியிருப்பியே. நேத்து ஏன்டா அழல?"

"சுடவே இல்ல. யார்கிட்டயும் சொல்ல மாட்டியே?"

கால்சட்டைப் பையிலிருந்து அப்பாவின் பொத்தான் டப்பாவை எடுத்தான். கண்ணாடி மூடி வழியாக உள்ளே தெரிந்தது. பொத்தான் இல்லை. கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட ஒரு வண்டு.

"இது பேரு புலி. பூசணிப் பூவுல இருந்துச்சு. என் கையில எல்லாம் நடக்கும், தெரியுமா?"

"எந்தக் கையில?"

வாண்டு கொப்புளம் வந்த கையை நீட்டினான்.

அக்கா முதலில் அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். பிறகு அம்மாவின் போனை வாங்கி வந்து, மூடியைத் திறக்காமலே ஒரு படம் எடுத்தாள். இணையத்தில் தேடினால் ஆரஞ்சும் கறுப்புமாக ஏகப்பட்ட வண்டுகள் வந்தன. எல்லாம் புலியின் சொந்தக்காரர்கள் போலவே இருந்தன. பூச்சிகளைப் படிக்கும் ஆய்வாளர்கள் பதில் சொல்லும் ஒரு பக்கத்துக்கு, தம்பியின் கொப்புளத்தைப் பற்றியும் எழுதிப் படத்தை அனுப்பினாள்.

ஒரு பெண் ஆய்வாளர் பதில் எழுதினார்: "படம் கலங்கலாக இருக்கிறது. உணர்கொம்பு தெரியும்படி மேலிருந்து ஒரு படம் வேண்டும். கையால் மட்டும் தொடாதீர்கள்."

தொடாமல் எப்படி? டப்பாவைத் திறந்தால் புலி ஓடுமே.

அக்கா யோசித்தாள். ஒரு வெள்ளைத் தாளில் பூசணிப் பூ ஒன்றை வைத்து, மூடியைச் சட்டென்று திறந்து அதன்மேல் டப்பாவைக் கவிழ்த்தாள். சற்று நேரம் கழித்து மெல்லத் தூக்கினாள். புலி ஓடவில்லை. மும்முரமாகப் பூவைத் தின்றுகொண்டிருந்தது.

"சாப்பாட்டப் பார்த்தா ஆடாம அசையாம உக்காந்துடுது. உன்ன மாதிரியே," என்றபடி படம் எடுத்தாள்.

இந்த முறை நீளமான பதில் வந்தது. "அருமையான படம். மெல்லிய கழுத்தும் உணர்கொம்பும் நன்றாகத் தெரிகின்றன. இது கொப்புள வண்டு. இதில் பல இனங்கள் உண்டு. பட்டைகளைப் பார்த்தால் எந்த இனம் என்று ஓரளவு சொல்லலாம், ஆனால் படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். இது கடிக்காது. பயந்தால் கால் மூட்டுகளிலிருந்து ஒரு திரவத்தை விடும். அது பட்ட இடம் கொப்பளிக்கும். கொப்புளத்தை உடைக்காதீர்கள், பெரியவர்களிடம் காட்டுங்கள்."

உடனே அம்மாவைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் புலியை அடிக்க அம்மா செருப்போடு வந்துவிட்டால்? அக்கா முதலில் தம்பிக்கே படித்துக் காட்டினாள்.

வாண்டுவின் உதடு துடித்தது. "அப்ப புலிக்கு என்னைப் பிடிக்கலையா?"

"பிடிக்காம இல்லடா. நீ அதைவிட எவ்வளவு பெரியவன். பயப்படாதா?"

வாண்டுதான் அந்த வீட்டிலேயே சின்னவன். அவனை யாரும் பெரியவன் என்று சொன்னதே இல்லை. அவன் புலியையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அது கொடியிலேயே இருக்கட்டும்க்கா."

இருவரும் தாளைப் பூசணிக் கொடியருகே கொண்டுபோனார்கள். புலி ஒரு பூவுக்குள் இறங்கி மறைந்தது.

முன்னறையில் அப்பா தைக்காமல், இஸ்திரிப் பெட்டியின் வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, உங்க மேல தப்பில்ல," என்றான் வாண்டு. "புலிதான் பண்ணுச்சு."

"புலியா?"

அக்கா போனைக் கொடுத்தாள். அப்பா படித்தார். பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "இங்க வாம்மா," என்று அம்மாவைக் கூப்பிட்டார். "எனக்கு விடுதலை ஆயிடுச்சு."

அம்மா படித்துவிட்டு அசடு வழியச் சிரித்தாள். அப்பாவுக்குப் புதிதாகத் தேநீர் போட உள்ளே போனாள்.

வாண்டு அப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்தான்.

"அக்கா, எனக்குப் பயம் வந்தா எங்கருந்து தண்ணி வரும்?"

"கண்ணுலருந்து."

அவன் தன் கொப்புளத்தைப் பார்த்தான்.

"அது பட்டா யாருக்காவது கொப்பளிக்குமா?"

"இல்லடா. யாராவது வந்து துடைச்சுவிடுவாங்க."

'அப்படியானால் சரி' என்பதுபோல வாண்டு தலையாட்டினான்.