பட்டன் எடுத்த அளவு

இரண்டு முறை அளக்காமல் ஒரு சாண் துணியைக்கூட வெட்டாத தையல்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய மனைவி அவரையும் மிஞ்சியவர். மூன்று முறை அளப்பார். அப்படிப்பட்ட இருவரும் ஒரே ஒரு காரியத்தில் மட்டும் இஞ்சு டேப்பை மறந்துபோனார்கள்.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்குப் பத்து வயது. கடையில் சிதறும் பட்டன்களை நிறம் பிரித்து வைப்பது அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் ‘பட்டன்’. எட்டு வயதுத் தம்பி வாயைத் திறந்தாலே கேள்விதான். ஊசிக்குக் காது இருக்கிறதே, மூக்கு ஏன் இல்லை என்று அவன் ஒருநாள் கேட்டான். அளவு கொடுத்துக்கொண்டிருந்த தபால்காரர் வயிறு குலுங்கச் சிரித்ததில், அப்பா அவருடைய இடுப்பை மறுபடியும் அளக்க வேண்டியதாயிற்று.

இருவரும் அதுவரை பள்ளிக்குப் போனதில்லை. கடையின் பின்னறையில், துணி வெட்டும் மேசையின் ஒரு முனையில்தான் அவர்களுக்குப் பாடம். காலையில் அம்மா சொல்லிக்கொடுப்பார், மாலையில் அப்பா.

ஆனால் பட்டனுக்கு ஓர் ஆசை இருந்தது. தெருமுனைப் பள்ளியில் இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகளின் இரைச்சல் எழும். உடனே அவள் ஜன்னலருகே போய் நின்றுவிடுவாள். அம்மா அதைக் கவனித்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்றார். வீட்டில் படிப்பதுபோல் வருமா என்றார் அப்பா. ஒரு வாரம் முழுவதும் தையல் இயந்திரங்களோடு போட்டி போட்டுக்கொண்டு அந்த வாதமும் ஓடியது. கடைசியில், ஒரு மாதம் அனுப்பிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

“அதுக்கப்புறம் எதுவானாலும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். எனக்குப் பாரபட்சம் பிடிக்காது” என்றார் அப்பா.

பட்டனுக்கு முதல் வாரத்திலேயே மூன்று தோழிகளும் ஓர் எதிரியும் கிடைத்தார்கள். இரண்டாம் வாரத்தில் அந்த எதிரியும் தோழியானாள். மூன்றாம் வாரத்தில் கயிறு இழுக்கும் அணிக்குப் பட்டன்தான் தலைவி.

தம்பி பள்ளியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் மாலை, அப்பா ஏதோ ஞாபகத்தில் ஒரு சட்டைக்கு மூன்று கைகளை வெட்டி வைத்திருந்தார். தம்பி அதைப் பார்த்தான். ஏன் என்று கேட்காமலே கடந்து போனான். பட்டனுக்குத் திக்கென்றது.

மறுநாள் முதல், அவன் வீட்டில் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் கடையின் அளவு நோட்டில் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டாள். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு நாற்பதுக்குக் குறையாது. இப்போது திங்களன்று ஒன்பது. புதனன்று நான்கு. வெள்ளியன்று ஒன்றே ஒன்று. அதுவும், நாளைக்கு விடுமுறைதானே என்பதுதான்.

அவள் அவனைத் தனியே அழைத்து விசாரித்தாள். முதல் நாள் அவன் கேட்ட கேள்விக்கு வகுப்பே சிரித்ததாம். ‘பிறகு கேள்’ என்று டீச்சர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் அந்தப் ‘பிறகு’ வரவே இல்லை. சத்தத்தில் தலை வலிக்கிறது, காலையில் வயிறு வலிக்கிறது என்றான்.

“அம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானேடா?”

“சொன்னா உன்னையும் நிறுத்திடுவாங்கக்கா.”

பட்டன் அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பகல். நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“நான் தோத்துட்டேன்” என்று சிரித்தார் அப்பா. “பெரியவ முகத்தைப் பார்த்தாலே தெரியுதே. ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கே போங்க.”

அந்த வார்த்தைக்காகத்தான் பட்டன் ஒரு மாதமாகக் காத்திருந்தாள். தம்பி தரையைப் பார்த்தபடி தலையாட்டினான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு அளவு நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்து, நடந்ததை எல்லாம் சொன்னாள்.

அம்மா அந்தக் கோடுகளை விரலால் தடவினார். “நனைச்ச துணி மாதிரி சுருங்கிப் போயிருக்கானே. நான் கவனிக்கவே இல்லையே” என்றார்.

அப்பா பெருமூச்சு விட்டார். “அப்போ சரி. ரெண்டு பேரும் வீட்டுலயே படிங்க.”

பட்டன் எதற்குப் பயந்தாளோ அதுவே வந்துவிட்டது. அவள் அழவில்லை. எழுந்துபோய்த் தன் பள்ளிச் சட்டையை எடுத்து வந்து தம்பிக்கு மாட்டிவிட்டாள். சட்டை அவன் முழங்காலைத் தொட்டது. கைகள் இரண்டும் காலியாகத் தொங்கின. கழுத்துப்பட்டிக்கு மேலே மூக்கும் கண்களும் மட்டுமே தெரிந்தன.

“ஒரே துணி, ஒரே பள்ளிக்கூடம், ஒரே நாள்ல தச்ச சட்டை. அப்புறம் எதுக்குப்பா எங்க ரெண்டு பேருக்கும் தனித்தனியா அளவு எடுத்தீங்க?” என்று கேட்டாள்.

“அதெப்படிம்மா, ஆளுக்கு ஆள் அளவு...” என்று தொடங்கிய அப்பா அப்படியே நிறுத்திக்கொண்டார்.

சட்டைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “அப்போ பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஏன் எங்களை அளக்கல?”

எத்தனை நாள் கழித்து வந்த ‘ஏன்’ அது! பட்டன் பாய்ந்து பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டாள். அம்மா சிரித்தார். அப்பா கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தோற்றதில் இத்தனை மகிழ்ச்சி அடைந்த மனிதரை நீங்கள் பார்த்திருக்க முடியாது.

மறுநாள் காலை பட்டன் பள்ளிக்கு ஓடினாள். தம்பி மேசை முனையில் உட்கார்ந்து பாடத்தைத் தொடங்கினான். மாலையில் பட்டனும் நான்கு தோழிகளும் கடைக்கு வந்தபோது, அவர்களைச் சுற்றிச் சுற்றி வந்து கேள்வி கேட்டுத் திணறடித்தான். அன்றைய கோடுகள் நாற்பத்து மூன்று.

அம்மா அளவு நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, ‘பெரியவள்: பள்ளி. சின்னவன்: வீடு’ என்று எழுதினார். கீழே, சிறுவர்களின் துணிக்கு எப்போதும் எழுதும் குறிப்பையும் சேர்த்தார்:

‘வளரும் பிள்ளைகள். உள்ளே துணி விட்டுத் தைக்கவும். ஆறு மாதம் கழித்து மறுபடியும் அளக்கவும்.’