சாம்பல் கோட்டுக்கு மேலே

சாம்பல் கோடு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

காயலின் அடியில் குத்திப் பிடுங்கிய குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால், உள்ளே சேறு அடுக்கடுக்காக இருக்கும்; கோடைக்கு ஒரு வெளிர் அடுக்கு, குளிர்காலத்துக்கு ஒரு கறுப்பு, கீழே போகப் போகப் பழசு. சேற்றுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று கடலியல் துறையில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பொய் சொல்லும் பொறுப்பைப் பிறகு மாணவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஆழம் அளக்க மறந்த இடங்களில் எல்லாம் அளந்தது போலவே எழுதி, எலிசேயோ சிகுவாய் கடைசி வருஷம் வரை கௌரவமாக வந்து சேர்ந்திருந்தான்.

ஆனால் இந்தச் சாம்பலை அவனால் ஏமாற்ற முடியாது. போன கோடையில் அவன் ஊரான மெயிவினில் மர அறுவை மில் எரிந்து, சாம்பல் காயல் முழுக்க விழுந்ததை அம்மாவின் வீட்டு வாசலில் நின்று பார்த்தவன் அவன். அதற்கு மேலே இந்தக் குளிர்காலத்தின் கறுப்பு ஒரு நகத்தின் கனத்துக்குப் படிந்திருக்க வேண்டும். படிந்திருந்தது. அத்தோடு குழாய் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கறுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கடல் மணல். மணலுக்கு மேலே மறுபடியும் வெளிர், கறுப்பு, வெளிர், கறுப்பு என்று எந்த அவசரமும் இல்லாமல் ஏறிக்கொண்டே போனது சேறு.

காயலுக்குள் கடல் மணல் வர ஒரே வழிதான் உண்டு. 1960-ல் பெரிய நிலநடுக்கத்துக்குப் பின்னால் வந்த மாதிரி, கடல் எழுந்து ஊரைத் தாண்டி வர வேண்டும்.

"தலைகீழா வெச்சிருப்பே," என்றாள் யஸ்னா. அவனோடு படகில் வந்து குழாய் எடுத்தவள். "மேல்பக்கம் எதுன்னு காட்ட அம்புக்குறி போடுவோமே, அதை யாருடா போட்டது?"

"நீதான்."

"அப்ப சரியாத்தான் இருக்கும்." உடனே கட்சி மாறினாள்.

குழாயின் மேல்வாயில், சேறு கலங்காமல் இருக்க அவள் அடைத்த பச்சை ஸ்பாஞ்ச் அப்படியே இருந்தது. பூக்கடையில் மலர் செருகப் பயன்படுத்துவது. "இடுகாட்டுக்குப் பக்கத்துக் கடையில வாங்கினேன். யாரு செத்துட்டான்னு அந்தம்மா கேட்டா. எலிசேயோவோட டிகிரின்னேன். பாவம்னு விலையைக் குறைச்சா."

"யஸ்னா, இந்த மணல்..."

"யாரோ ராத்திரி மேல கொட்டி விளையாடியிருக்கான். தூக்கிப் போட்டுட்டு வேற குழாய் எடு. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவள் போனதும் குளிர் அறையின் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஜூன் மாதம், இந்தப் பக்கத்தில் நடுக்குளிர்காலம், மாலை ஆவதற்குள்ளேயே வெளியே இருட்டிவிட்டது, தகரக் கூரையில் மழை நின்று நின்று பெய்தது, குளிரூட்டியின் மோட்டார் கிழவன் தொண்டையைச் செருமுவது போல ஓடுவதும் அடங்குவதுமாக இருந்தது, சேற்றின் அழுகிய முட்டை வாடையோடு இதுவரை இந்த அறையில் அவன் முகர்ந்திராத இன்னொரு வாடையும், பச்சைக் கடற்பாசியின் வாடை, மெல்லக் கலந்து வந்தது. சுவரெல்லாம் அலமாரி, அலமாரியெல்லாம் குழாய். விளையாட்டுக்கு யாரும் இப்படி மணல் கொட்ட முடியாது. நூலை விட மெல்லிய அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்றாக யார் உட்கார்ந்து பூசுவது?

தட்டைக் கத்தியால் மணலை மெல்ல வழித்தான். மரச் சிராய். துருப்பிடித்த தகரத் துணுக்கு. நீலப் பெயின்ட் பொருக்கு. மெயிவினில் வீடுகளுக்கு அடிக்கிற நீலம்தான். பிறகு ஒரு பொத்தான்.

பெரிய சிவப்புப் பொத்தான். நாலு துளை, அதில் ஒன்று உடைந்து ஓரத்தோடு சேர்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் போன காலத்தில் அவன் போட்டிருந்த கோட்டின் பொத்தான். துளையைக் கடித்து உடைத்தவன் அவனேதான். அதன் பின்பக்கத்தில் பசை ஒட்டி, கெட்டியாக, மஞ்சளாக இருந்தது.

அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் மேஜை மேல் வைத்தான்.

"என்ன ராசா, பசிக்குதா?" அம்மா எப்போதும் இப்படித்தான் ஆரம்பிப்பாள்.

"அம்மா, என் சிவப்புக் கோட்டுப் பொத்தான் எங்க இருக்கு?"

"அட, உனக்கு யாரு சொன்னா? இன்னிக்குக் காலையிலதான் எடுத்தேன். சர்க்கரைக் கிண்ணத்து மூடியில பிடி உடைஞ்சு போச்சு. அந்தப் பொத்தானைப் பசை போட்டு ஒட்டிட்டேன். அழகா இருக்கு. இதோ, கண்ணு முன்னால."

குழாய் எடுத்தது போன மாதம்.

"அம்மா. இப்பவே மலைக்கு ஏறிடு."

"எதுக்கு?"

"கடல் வரும்மா."

"சைரன் ஊதலையே?"

"சேறு காட்டுது. நான் பாத்துட்டு இருக்கேன்."

அம்மா சிரித்தாள். "போன தடவை சும்மா ஊதின சைரனை நம்பி ஓடித்தான் முழங்கால் போச்சு. சைரன் ஊதினா ஏறுவேன், நிலம் ஆடினா ஏறுவேன். சேறு சொல்லுச்சுன்னு இந்த மழையில ஏறுனா, பக்கத்து வீட்டு எதெல்மிரா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா."

"அந்தம்மாவையும் கூட்டிட்டுப் போ!"

"வேலை ரொம்பவா ராசா? சாப்பிட்டியா?"

மெயிவினுக்கு பஸ் காலையில்தான். இப்போதே ஒரு பஸ் இருந்தாலும் அரை நாள் வழி. தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டு என்ன சொல்வது? நான் மாணவன், என்னிடம் ஒரு குழாய் இருக்கிறது, அதில் நாளை இருக்கிறது என்றா? இத்தனை வருஷம் அளக்காததை அளந்ததாக எழுதியபோது எல்லாரும் நம்பினார்கள்.

"போனை மட்டும் வெச்சிடாதம்மா. பேசிட்டே இரு."

"பேசுறேன், பேசுறேன். தண்ணி கொதிக்குது, மாத்தே டீ போட்டுக்கிட்டே பேசுறேன்."

பிளந்த குழாயின் மற்ற பாதி அலமாரியில் இருந்தது. அதை யாரும் தொடுவதில்லை, துறையின் வழக்கம். ஒரு பாதியைக் கிளறலாம், மறு பாதி பிளாஸ்டிக் சுற்றி முத்திரையோடு சாட்சிக்கு இருக்கும். தன் பாதியில் யாராவது விளையாடியிருந்தால் அதில் மணல் இருக்காது. மணல் இருக்கக் கூடாது. எலிசேயோ அதை இறக்கி வைத்தான். முத்திரை முழுசாக இருந்தது. கிழித்தான்.

மணல் இருந்தது.

மணலுக்குள் ஏதோ புடைத்திருந்தது. கத்தியை வைத்தான். பிறகு கத்தியைப் போட்டுவிட்டு விரலால் தள்ளினான். வெள்ளைப் பீங்கான் விளிம்பு. சின்ன மூடி. அதன் நடுவில், பொத்தான் பெயர்ந்த இடத்தில், மஞ்சள் பசை.

மூடி வரவில்லை. எதுவோ பிடித்திருந்தது.

இன்னும் கொஞ்சம் தள்ளினான்.

விரல்கள். இரண்டு. சாம்பல் நிறத்தில், நகங்களுக்குள் மணலோடு. ஆள்காட்டி விரலில், எம்பனாதா பொரிக்கும்போது அம்மாவுக்கு எண்ணெய் தெறித்த அந்த நீளத் தழும்பு.

"சர்க்கரை எவ்வளவு போட்டேன்னே மறந்துட்டேன், உன்னால," என்றது போன்.

அவன் போனைப் பக்கத்தில் இழுத்தான்.

போனில் மெல்லிய சத்தம் கேட்டது. பீங்கான் மேல் பீங்கான். டிக். டிக் டிக்.

"என்னது இது..." அம்மாவின் நாற்காலி நகர்ந்தது. "இரு ராசா, மூடி ஆடுது. விழுந்து உடைஞ்சிடப் போகுது."

டிக் டிக் டிக் டிக்.

"அம்மா, விடு. அதை விட்டுட்டு ஓடு!"

"இதோ, பிடிச்சுட்டேன்."

சத்தம் நின்றது. போனும் நின்றது.

பிறகு அவனைச் சுற்றி அலமாரிகளில் இருந்த குழாய்கள் எல்லாம் ஒன்றோடொன்று மெதுவாக மோதிக்கொள்ளத் தொடங்கின. மேஜை ஆடியது. சேறு ஆடியது. தழும்பு விழுந்த அந்த விரல் மட்டும் மூடியை இறுகப் பிடித்தபடி இருந்தது.