மஞ்சள்தான் வெல்லும்!

டிரிங்... டிரிங்...

சாவு வீட்டில் தொலைபேசி அலறியது!

தேவாரம் பாதியில் நின்றது. லண்டன் கோலியர்ஸ் வுட்டின் அந்தக் கவுன்சில் பிளாட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். ஒருவரும் எழவில்லை. எழுந்து போனை எடுக்க ஒருவருக்கும் தைரியமில்லை.

ஏனென்றால்... அதை எடுக்கப் போகிறவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

கிளிக்!

"வணக்கம்! பாலேந்திரா பேசுறன்..."

செத்துப்போன பாலேந்திரா!

"பைனலுக்கு ஆரை எடுக்கிறது எண்டுதானே கேக்கிறியள்? வடிவாக் கேளுங்கோ தம்பியவை. எல்லாரும் சிவப்பு, சிவப்பு எண்டு துள்ளுறாங்கள். சிவப்பின்ரை இடது பக்க டிபெண்டருக்கு முழங்கால் சரியில்லை. கொஞ்ச நேரம் ஓடுவான், பிறகு நொண்டுவான். மஞ்சள் அந்தப் பக்கத்தாலைதான் வரும். உங்கட பான்டஸி ரீமில மஞ்சளின்ரை ஏழாம் நம்பரைக் கப்டனாப் போடுங்கோ. கப்டனுக்கு இரட்டைப் புள்ளி, மறந்திடாதேங்கோ! கடைசியில மஞ்சள்தான் வெல்லும்!"

பீப்...

"ஐயோ, அந்த மிஷினை நிப்பாட்டு பிள்ளை. நெஞ்சு பதறுது..." கமலாம்பிகை மாமி மார்பில் கை வைத்துக்கொண்டார். கோயில் பூசை ஒன்றுகூடத் தவறவிடாத மனுசி.

"ஆரும் அதில கை வைக்கக் கூடாது மாமி!"

சிவகௌரியின் குரலில் ஈரமே இல்லை. அவள் பாலேந்திராவின் மனைவி. இன்னும் வாய்விட்டு அழவே இல்லை.

பாலேந்திரா பார்சல் அலுவலகத்தில் வேலை செய்தவர். ஆனால் மூளை முழுக்கக் கால்பந்து! பத்திரிகைகள் தொடங்கிவைத்த பான்டஸி விளையாட்டு லண்டனைப் பிடித்து ஆட்டிய காலம் அது. பதினொரு பேரைத் தேர்ந்து கற்பனையில் ஓர் அணி கட்ட வேண்டும். நிஜத்தில் அவர்கள் கோல் போட்டால் இங்கே புள்ளி விழும். வால்தம்ஸ்டோவிலிருந்து சவுத்தால் வரை தமிழ்ப் பெடியன்கள் போன் போட்டு, அவர் குரலைப் பதிந்து வைத்திருந்த இந்த ஆன்சரிங் மிஷினிடம்தான் யோசனை கேட்பார்கள். ஆள் போன பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் ஒன்றும் பேசாமல், குரலை மட்டும் கேட்டுவிட்டு வைத்தார்கள்.

சிவகௌரியைத் தின்றுகொண்டிருந்தது வேறொரு குரல்.

அவளுடைய சொந்தக் குரல்!

பைனல் நாளன்று, முதியோர் இல்லத்து இரட்டை ஷிப்டுக்குப் புறப்படும்போது சண்டை. வாசலில் நின்று அவள் கத்திய கடைசி வார்த்தை இதுதான்.

"அந்த ரீவியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு சாவுங்கோ!"

அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய பிறகு வீடு திரும்பினாள். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் பாலேந்திரா. சில்லிட்டுப்போய். பக்கத்தில் ஒரு தேநீர்க் கோப்பை. இரவு ஷிப்ட் முடிந்து தூங்குவதற்கு அவள் வைத்திருந்த மாத்திரைப் போத்தல், காலி!

தற்கொலை என்றது போலீஸ்.

நீதான் கொன்றாய் என்றது அவள் மனம். கண்ணை மூடினால் கதவடியில் நின்று கத்துகிற தன் முகமே வந்தது. அவர் தானாகச் செத்தாரா இல்லையா? அது தெரியாமல் இனி ஒரு கவளம் சோறும் இறங்காது அவளுக்கு.

ஊர் வாய் இன்னும் மோசம். பெடியன்கள் பைனலுக்குப் பெட் பிடிக்கச் சேர்த்துக் கொடுத்த காசை ஏப்பம் விட்டுவிட்டு, வெட்கத்தில் மருந்து குடித்துவிட்டார் என்று பேசியது.

ஆட்கள் கலைந்ததும், பெடியன்களில் மூத்தவனான யோகராஜாவைப் பிடித்தாள்.

"யோகராஜா, உண்மையைச் சொல்லு. பெட்டிங் கடைக்கு ஆர் போனது?"

"பாலாண்ணைதான் அக்கா. காசை அவரிட்டைத்தானே குடுத்தனாங்கள்."

"அவர் போகமாட்டார்!"

"ஏன் அக்கா?"

"போன தைப்பூசத்துக்கு எனக்கு முன்னால கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணினவர், இனி பெட்டிங் கடைக்குள்ள என்ரை கால் படாதெண்டு. கள்ளம் செய்வார், பொய் சொல்லுவார்... கற்பூரத்தை மீறமாட்டார்."

யோகராஜா தலையைச் சொறிந்தான்.

"கால்தானே படக்கூடாது? வேறை ஆற்றையும் காலை அனுப்பியிருப்பார் அக்கா. அவற்றை மூளை அப்பிடி!"

"மஞ்சள்தானே வெண்டது?"

"ஓம் அக்கா. எக்ஸ்ட்ரா டைமில ஏழாம் நம்பர் கோல் போட்டவன். அண்ணை சொன்னதுபோலவே இடது பக்கத்தாலை! நான் துள்ளிக்குதிச்சுப் போன் எடுத்தனான்... மிஷின்தான் பேசினது. ஆனா அக்கா, அந்தப் பெட்..."

கதவு திறந்தது. யோகராஜா வாயை மூடிக்கொண்டான்.

பரமேஸ்வரன்!

பாலேந்திராவின் பெரியப்பா மகன். கோயில் டிரஸ்டி. நெற்றி வழக்கத்துக்கு மாறாக வெறுமையாக இருந்தது.

"பிள்ளை, சவப்பெட்டிக்குச் சொல்லியாச்சு. போஸ்ற்மோட்டம் முடிஞ்சு பொடியைத் தந்தவுடனை காரியத்தைப் பாப்பம். கொள்ளி நான்தான் வைப்பன். அவனுக்கு வேறை ஆர் இருக்கினம்?"

கண் கலங்கியது அவருக்கு. அத்தான் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று சிவகௌரிக்கும் கலங்கியது.

அவர் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கமலாம்பிகை மாமி சொன்னார்.

"தங்கமான மனிசன். ஆசாரம் எண்டால் ஆசாரம்! அண்டைக்கு விடியப் பூசை அவற்றை உபயம். பட்டு, பழம், பால் எல்லாம் வந்திட்டுது. ஆனா ஆள் உள்ள வரேல்லை! செருப்புக் கழட்டுற இடத்திலேயே நிக்கிறார். ஐயர் வீபூதி நீட்டினவர், கை நீட்டேல்லை. 'கமலாக்கா, உபயத்தை உங்கட பேரில செய்யுங்கோ' எண்டிட்டார். எனக்கு விளங்கேல்லை. பிறகு பாலேந்திரான்ரை செய்தி வந்தவுடனைதான் விளங்கினது. துடக்கு! பாவம், எவ்வளவு துக்கத்திலயும் முறை தவறேல்லை."

துடக்கு என்றால் சாவுத் தீட்டு. தகப்பன் வழி உறவில் ஒருவர் செத்தால் முப்பத்தொரு நாள் கோயில் படி மிதிக்கக் கூடாது. வீபூதி வாங்கக் கூடாது.

"எண்டைக்கு மாமி?"

"ஞாயித்துக்கிழமை. விடிய."

சிவகௌரி துடைத்துக்கொண்டிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள்.

ஞாயிறு விடியற்காலை... அவள் இன்னும் ஷிப்டில் இருந்தாள்! பாலேந்திரா செத்துக் கிடப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது! வெயில் ஏறி வந்து பார்த்தவள், முதல் போன் போட்டதே பரமேஸ்வரனுக்குத்தான். 'ஐயோ' என்று அலறினாரே!

செத்தது தெரியுமுன்னே அந்த மனிதருக்குத் துடக்கு எப்படி வந்தது?

* * *

"சாமி கும்பிடலைன்னு ஒருத்தர உள்ள போட முடியாதும்மா!"

சிவகௌரியின் ஹாலில் உட்கார்ந்து டிடெக்டிவ் சார்ஜன்ட் லெட்சுமணன் தலையாட்டினார். மலேசியாக்காரர். படிக்க லண்டன் வந்து, போலீசில் சேர்ந்து, இங்கேயே தங்கிவிட்டவர்.

"ஐயா, நீங்களும் சைவம்தானே? உங்களுக்கு விளங்கேல்லையோ?"

"எனக்குப் புரியுது. எங்க அம்மாவும் அப்படித்தான், தீட்டுன்னா தெருவ விட்டே ஒதுங்கிப் போவாங்க. ஆனா வெள்ளக்கார ஜட்ஜுக்குப் புரியணுமே? 'கால் வலிச்சுது, வெளிய நின்னேன்'னு சொல்லிட்டா முடிஞ்சுது. அவர் வாயால வரணும்மா."

"வரும்."

"எப்படி?"

சிவகௌரி மிஷினைப் பார்த்தாள்.

"அவர் வரப்பண்ணுவார்."

* * *

மறுநாள் மத்தியானம். ஹாலில் சிவகௌரியும் பரமேஸ்வரனும் மட்டும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் லெட்சுமணன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். யோகராஜா கீழே தெருமுனைப் போன் பெட்டியில்.

"அவசரமா வரச் சொன்னனீ பிள்ளை?"

"இருங்கோ அத்தான். அவர் கடைசியாக் கதைச்சதைக் கேக்கேல்லைத்தானே நீங்கள்?"

டிரிங்... டிரிங்...

பரமேஸ்வரனின் தோள்கள் இறுகின.

கிளிக்!

"வணக்கம்! பாலேந்திரா பேசுறன்..."

"இதை... இதை இன்னும் கழட்டேல்லையோ?"

"பைனல் நடக்கேக்கை யோகராஜா போன் எடுத்தவன் அத்தான். மிஷின் பேசத் தொடங்கின பிறகு இவர் றிசீவரைத் தூக்கி மேசையில போட்டிருக்கிறார். வைக்க மறந்திட்டார். வைக்காட்டில் இந்த மிஷின் என்ன செய்யும் தெரியுமோ? அறைக்குள்ள கதைக்கிறது முழுக்கப் பதிஞ்சுகொண்டேயிருக்கும்!"

"...மஞ்சள் அந்தப் பக்கத்தாலைதான் வரும்..."

"என்ன சொல்லுறாய்?"

"உங்கட குரலும் இருக்கு அத்தான். தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்ட குரல்!"

அது வெறும் குருட்டு அடி. ஆனால் வாசல் கதவை நோக்கி ஓடிய அவருடைய கண்கள் சொல்லிவிட்டன.

"...கடைசியில மஞ்சள்தான் வெல்லும்!"

"நிப்பாட்டு! நிப்பாட்டடி அதை!"

பரமேஸ்வரன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் சரிந்தார்.

"அண்டைக்கும் உப்பிடித்தான் கத்தினவன்! கோல் விழுந்தவுடனை கதிரையிலிருந்து துள்ளி எழும்பி, மஞ்சள், மஞ்சள் எண்டு... நித்திரையிலும் எனக்கு அதுதான் கேக்குது! பிறகு கையை நீட்டிக் கேட்டான்... 'அண்ணை, பெட் பிடிச்ச சிலிப்பைத் தாங்கோ.' நான் எங்கை போறது சிலிப்புக்கு?"

"பெட் பிடிக்கேல்லையோ?"

"கோயில் டிரஸ்டி பிள்ளை நான்! பெட்டிங் கடைக்குள்ள காலை வைக்கிறதோ? ஆராவது கண்டால்? அவன் கற்பூரத்தில அடிச்சதெண்டு காசை என்ரை கையில தந்தான். மூண்டு தரம் அந்தக் கடை வாசல் வரைக்கும் போனனான். ஏலாமல் போச்சு!"

"காசு?"

"கோயில் உண்டியலில போட்டிட்டன். பாவக்காசு, முருகனுக்காவது போகட்டும் எண்டு. சிவப்புத்தானே வெல்லும், பெட் தோத்திட்டுது எண்டு சொன்னாச் சரி... மஞ்சள் வெல்லுமெண்டு ஆர் கண்டது? வெண்ட காசுக்குப் பெடியள் கோயில் வாசலில வந்து நிண்டு கத்துவாங்கள். சபையில தலை காட்ட ஏலுமோ? அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும், காசு என்னட்டை வந்ததெண்டு..."

"அதுக்காக?"

"சிலிப் கீழ நிக்கிற என்ரை வானுக்குள்ள கிடக்கு, முதல்ல தேத்தண்ணி குடிப்பம் எண்டன். உன்ரை நித்திரை மாத்திரையைக் கரைச்சு, கசப்புத் தெரியாமல் சீனியைக் கூடப் போட்டன். மூச்சு அடங்கும் வரைக்கும் பக்கத்திலதான் இருந்தனான் பிள்ளை. தனியச் சாக விடேல்லை..."

சிவகௌரி மிஷினின் பக்கம் திரும்பினாள். கோபமும் அருவருப்பும் ஒன்றாய் வந்தன. அவற்றுக்கு அடியிலிருந்து இன்னொன்றும் வந்தது. அவர் தானாகச் சாகவில்லை. என் வார்த்தை அவரைக் கொல்லவில்லை!

அன்றிலிருந்து அடைத்துக்கிடந்த அழுகை உடைந்தது.

சமையலறைக் கதவு திறந்தது.

"போதும், பரமேஸ்வரன். எழுந்திருங்க."

லெட்சுமணன் விலங்கோடு வந்தார். பரமேஸ்வரன் மிஷினை வெறித்தார்.

"அந்தக் கசெற்..."

"எந்தக் கசெற்?" சிவகௌரி கண்ணைத் துடைத்தாள். "வாற குரலைப் பதியிற கசெற் அதில இல்லவே இல்லை. வாங்கிப் போடுங்கோ எண்டு நான் எத்தினை தரம் சொன்னனான்! பந்துக்கு இருக்கிற காசு கசெற்றுக்கு இருந்தால்தானே?"

போன் பெட்டியிலிருந்து ஓடிவந்து வாசலுக்கு வெளியே நின்றிருந்த யோகராஜா உள்ளே நுழைந்தான். வெண்ட காசைப் பற்றிப் பரமேஸ்வரன் சொன்னதை அங்கேயே கேட்டுவிட்டிருந்தான்.

"வெண்ட காசோ? எந்த வெண்ட காசு பரமண்ணை?"

"மஞ்சள் வெண்டதுதானே..."

"கப்பை வெண்டது! நாங்கள் பிடிக்கச் சொன்னது கப்புக்கு இல்லை, மட்சுக்கு. மட்ச் பெட் தொண்ணூறு நிமிஷத்தோடை முடிஞ்சிடும். தொண்ணூறு முடியேக்கை ஒண்டுக்கு ஒண்டு, சமன். எக்ஸ்ட்ரா டைமில விழுந்த கோலை பெட்டிங் கடைக்காரன் சல்லிக்கும் எடுக்கமாட்டான். நீங்கள் போய்ப் பெட் பிடிச்சிருந்தாலும் காசு போனதுதான்!"

பரமேஸ்வரனின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்ப... அவன் ஏன் அப்பிடித் துள்ளினவன்?"

"ஏழாம் நம்பர் அவற்றை கப்டனெல்லோ! அந்த ஒரு கோலோடை பான்டஸியில இந்த வருஷச் சாம்பியன் பாலாண்ணைதான்!"

"சிலிப்... சிலிப்பைக் கேட்டானே?"

"தோத்த சிலிப்பை எல்லாருக்கும் முன்னால வைச்சுக் கிழிச்செறிஞ்சுபோட்டு வடை சாப்பிடுறது எங்கட வழக்கம் அண்ணை. கிழிக்கத்தான் கேட்டவர். இல்லையெண்டு சொல்லியிருந்தால்... சிரிச்சிருப்பார்!"

பரமேஸ்வரன் லெட்சுமணனிடம் இரண்டு கையையும் நீட்டினார்.

சிவகௌரி அவரைப் பார்க்கவில்லை. சாம்பியன்... கடைசி நிமிடத்தில் அவர் சந்தோஷமாக இருந்திருக்கிறார். தேநீரைக் குடிக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டுதான் குடித்திருப்பார். அழுகைக்கு நடுவே அவளுக்கு லேசாகப் பசித்தது.

கீழே போலீஸ் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. பரமேஸ்வரன் கார்க் கதவருகே வந்ததும், கோயில் வாசலில் நிற்பதுபோல, பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார்.

யோகராஜா குனிந்து அந்தச் செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தான்.

"போட்டுக்கொண்டே ஏறுங்கோ அண்ணை... இதுக்கை துடக்குக்காரர்தான் போறவை!"