வெறும் கையால் எடுத்த குப்பி

"குப்பியைக் காணோம் மேடம்" என்று வந்து உட்கார்ந்தாள் கால்நடை டாக்டர். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டரம்மா நிதானமாகத் தலையசைத்தார். இருப்புக்கொள்ளாமல் எழுந்தது அவருடைய தம்பிதான். திருட்டு வழக்கென்றால் அவனுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி.

குப்பியில் இருந்தவை ஸ்டெம் செல்கள். டாக்டரின் அண்ணன் சாகும்வரை வளர்த்த நாய்க்கு மூட்டு தேய்ந்துவிட்டது. அதன் கொழுப்பிலிருந்தே செல்களைப் பிரித்து வளர்த்து மூட்டில் ஊசியாகப் போட்டால், ஓரளவு தேறி நடக்கலாம். 'கிழவன்' என்று கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டும் அந்தச் செல்லத்துக்கு வேறு வழியில்லை.

மூவரும் போய்ச் சேர்ந்த கிளினிக், டாக்டர் வீட்டின் முன்னறை. செல்களைக் கடுங்குளிரில் உறைய வைக்கும் திரவ நைட்ரஜன் கலன் மூலையில் இருந்தது. மேலே ஆணியில் தடித்த கையுறைகள். கிழவன் சுவரோரம் படுத்திருந்தது. கலனைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்மேல் தம்பிக்கு உடனே சந்தேகம். கசங்கிய உடையோடு வந்த டாக்டரின் அண்ணி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். அவள் கட்டைவிரல் நுனியிலும் ஆள்காட்டிவிரல் நுனியிலும் கொப்புளங்கள். காலையில் இஸ்திரி போட்டபோது சுட்டுவிட்டதாம்.

தம்பி அக்காவின் காதில் உதவியாளரைப் போட்டுக்கொடுத்தான். அக்கா சிரித்தார்.

"அவரா இருந்தா கையுறை போட்டு எடுத்திருப்பார்டா. விஷயம் தெரியாதவங்கதான் வெறும் கையை விடுவாங்க. அவ்வளவு குளிர் நெருப்பு மாதிரியே சுடும்." பிறகு அண்ணியிடம் மெதுவாகச் சொன்னார்: "இஸ்திரி சூடு ரெண்டு விரல் நுனியிலயும் ஒரே மாதிரி படாதும்மா. எதையோ கிள்ளிப் பிடிச்சிருக்கீங்க. இஸ்திரி போட்ட துணியும் உங்க மேல இல்ல."

அண்ணி உள்ளே போனாள். வீட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் அறையிலிருந்து குப்பியைக் கொண்டுவந்து டாக்டர் முன் வைத்தாள்.

"கொழுப்பு எடுத்தப்ப மயக்கத்துல இவனுக்கு மூச்சே நின்னுபோச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன். மறுபடியும் மயக்கம் குடுப்பியோன்னு பயந்துட்டேன். உங்க அண்ணன் எனக்கு விட்டுட்டுப் போனது இவனை மட்டும்தான்."

டாக்டருக்குக் கண் கலங்கியது. "ஊசி போட மயக்கமே வேண்டாம் அண்ணி. அந்த இடம் மரத்துப்போனா போதும். நான்தான் உங்களுக்குச் சொல்லல."

ஃப்ரிட்ஜின் குளிர் போதாமல் செல்கள் செத்திருந்தன. இனி மறுபடியும் கொழுப்பு எடுக்க வேண்டும். அதற்கு மயக்கம் கொடுத்தே ஆக வேண்டும். மருந்தைக் குறைத்து, அதன் மூச்சின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்வதாக டாக்டர் சொன்னாள். அண்ணி உள்ளே நடந்தாள்.

அவள் போவதைப் பார்த்துக் கிழவன் எழ முயன்றது. பின்கால் மடங்கி விழுந்தது. முனகாமல் மறுபடியும் எழப் பார்த்தது.

அண்ணி திரும்பி வந்து தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்ப எடுக்கலாம்?" என்று நாத்தனாரைக் கேட்டாள்.