அண்ணன் முறையா, மாமன் மகனா?

“அண்ணே, அந்த ஷட்டரக் கொஞ்சம் எறக்குங்க. நனையிறேன்ல?”

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரன் மெல்லத் திரும்பினான். முகமெல்லாம் மழைத்துளி. அந்தக் கண்களில் அப்படியொரு சிரிப்பு... கஸ்தூரிக்கு மீதிக் கோபம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

“இந்தக் கரிசக்காட்டுக்கு மழ வாரதே அபூர்வம். வந்த மழ முகத்துல அறைஞ்சு சாத்தச் சொல்றீகளே... பாவமில்ல?”

“ஒங்க மழைக்குப் பாவம் பாத்தா, எம் பட்டுச்சேல என்னாகுறது?”

ஷட்டர் இறங்கியது. ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. ச்சே, என்ன பார்வை அது!

கல்யாணத்துக்குப் போகும் வழியில் பொழுது போகவேண்டுமே. அம்மா தங்கச்செல்வி மகளைச் சீண்டினாள். “மதுரையில ஒக்காந்து அப்பிடி என்னதாண்டி ஆராய்ச்சி பண்ற?”

“லத்தீன் காவியத்துல வர்ற குடும்ப உறவுகம்மா. ஒரு ராணி, தன் மகளக் கூடப்பொறந்தவ மகனுக்குக் குடுக்கணும்னு நிக்கிறா. ராசா, கடல் தாண்டி வந்த வெளியூர்க்காரனுக்குக் குடுக்கணும்ங்கிறாரு. நாடே ரெண்டுபட்டுப் போகுது.”

“கூடப்பொறந்தவ மவனா? அண்ணன் முறையாச்சேடி! சண்ட வராம என்ன செய்யும்?”

முன் சீட்டு குலுங்கியது. அவன்தான்... வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“ஒட்டுக்கேக்குறது தப்பு” என்றாள் கஸ்தூரி.

“கத பஸ்ஸுக்கே கேக்குதுங்க. கடைசியில அந்த வெளியூர்க்காரனுக்குப் பொண்ணு கெடச்சிதா?”

“ம்... கெடச்சிது.”

“அப்பச் சரி” என்றான், அவளையே பார்த்து. கஸ்தூரி அவசரமாகக் குனிந்து, நனையாத முந்தானையைப் பிழிந்தாள்.

திருச்சுழியில் அவனும் அதே மண்டபத்துக்குத்தான் வந்தான். வாசலில் பன்னீர் தெளிக்கும்போது அம்மா கேட்டுவிட்டாள், “தம்பி யாரு மவன்?”

“ராஜகுரு மவன் இன்பராஜுங்க. அம்மா பேரு கோமதி. ஓசூர்ல இருக்கோம்.”

“அடியாத்தீ! எங்க ஒண்ணுவிட்ட அக்கா கோமதி மவனா? எம்புட்டு வருசமாச்சு பாத்து! ஏடி கஸ்தூரி, ஒனக்கு அண்ணன் முறைடி!”

மேளச் சத்தம் சட்டென்று எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. அவன் ஏதாவது சொல்வானென்று பார்த்தாள். “சரிங்க சித்தி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டான். அவ்வளவுதானா? அவனுக்கே ஒன்றுமில்லை என்றால் எனக்கு மட்டும் என்ன வந்தது... ரோஷத்தோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பந்தி முடிந்து எழும்போது, அப்பாவின் சித்தப்பா கோட்டைச்சாமி அவர்களைத் தேடி வந்தார். பின்னால் இன்பராஜ்.

“ஏத்தா தங்கச்செல்வி, இவுக அப்பன் ராஜகுரு யாருன்னு நெனச்ச? ஒம் புருசனுக்கு ஒண்ணுவிட்ட அத்த மவன். அந்த வழியில பாத்தா, பய கஸ்தூரிக்கு மாமன் மவனாக்கும்!”

“ஒங்கள யாரு மாமா இப்ப மொற பாக்கச் சொன்னது?” என்றாள் அம்மா.

“இந்தா, இந்தப் பயதேன். வந்ததுலருந்து ஒவ்வொரு கெழவனாப் பிடிச்சு விசாரிச்சுக்கிட்டுத் திரியிறான்.”

இன்பராஜின் காதுமடல் சிவந்தது. கஸ்தூரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அப்படியானால்... கூட்டத்துக்குள் போனது இதற்காகவா?

“எங்க வழியில அவன் அண்ணன்தான். எங்க வழி பொய்யா?” அம்மா குரலை உயர்த்தினாள். “பொண்ணுக்கு அப்பன் வழிதேன் மொற!” கோட்டைச்சாமியும் விடவில்லை. இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் என்று சேர்ந்துகொண்டார்கள். அவளை ஒருவரும் கேட்கவில்லை.

தனக்காக நாடே வெட்டிக்கொண்டு சாகும்போது, அந்தக் காவியத்து இளவரசி ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டாள். முகம் சிவப்பாள், அவ்வளவுதான். வாயைத் திறந்தால் என்னவாம் என்று கஸ்தூரி எத்தனையோ முறை எரிச்சல்பட்டிருக்கிறாள். இப்போதல்லவா தெரிகிறது, அது எவ்வளவு கஷ்டமென்று! நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இப்போது பேசாவிட்டால், அவன் ராத்திரி பஸ்ஸில் ஓசூர் போய்விடுவான்.

“அம்மா... எனக்கு அப்பா வழியே இருக்கட்டும்.”

அவள் இன்பராஜின் பக்கம் திரும்பினாள்.

“ஊரு பூராவும் கேட்டீகளே... என்கிட்டக் கேட்டீகளா?”

அவன் ஒரு எட்டு முன்னால் வந்தான். “எனக்கு ஒங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு, கஸ்தூரி. ஒங்களுக்கு...?”

“பிடிச்சிருக்கு” என்றாள், மண்டபத்துக்கே கேட்கும்படி.