தோமான் காவல்

பெட்டிக்குள் இரண்டு தோமான் மீன்களும் செத்துக் கிடந்தன. அப்படியிருந்தும் படகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது.

'களக்' என்று ஒரு மிடறு. தோமான் மேலே வந்து காற்றை விழுங்கும் சத்தம்.

பிரேமலா மோட்டாரின் கைப்பிடியை விடாமல் திரும்பிப் பார்த்தாள். தேயிலைச் சரிவுகளிலிருந்து இறங்கிய மூடுபனி அணை ஏரியை முழுசாக மூடியிருந்தது. மணி நான்குகூட ஆகவில்லை, அதற்குள் கரை காணாமல் போயிருந்தது. மேலே எங்கோ தொழிற்சாலையில் இலை காயும் வாசனை, காய்கறித் தோட்டங்களிலிருந்து மழை அடித்துக்கொண்டு வந்த கோழி எருவின் நாற்றம், இரண்டுக்கும் நடுவே காலடியில் வழுக்கிய மீன் ரத்தத்தின் பச்சை வாடை எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறின.

அவளும் கணவன் திருச்செல்வமும் நான்கு வருடமாக வெளியாட்களை இந்த ஏரியில் மீன்பிடிக்கக் கூட்டிப்போகிறார்கள். அவள் படகை ஓட்டுவாள். எங்கே வீச வேண்டும் என்று அவன் காட்டுவான். வந்தவர்களை ஏமாற்றாத இடம் ஒன்று உண்டு. தோமான் குஞ்சுகள் செக்கச் செவேலென்று ஒரே பந்தாகத் திரியும் இடம். குஞ்சு வைத்திருக்கும் தோமான் இரை தேடாது. ஆனால் குஞ்சுகளுக்கு நடுவே எது விழுந்தாலும் கொல்லப் பாயும். தாய் ஒரு பக்கம், தகப்பன் ஒரு பக்கம் காவல். ரப்பர் தவளையை நடுவில் போட்டால் போதும்.

படம் எடுத்ததும் மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது திருச்செல்வம் தானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. இரண்டையும் ஒருநாளும் எடுத்ததில்லை.

இன்று எடுத்தாகிவிட்டது. இன்று மீன்பிடிக்க வந்த, அடுத்த வாரம் மாற்றலாகிப் போகும் செல்வராஜு சார் இரண்டையும் கேட்டார். முதல் மீன் தூண்டிலைத் தொண்டைவரை விழுங்கியிருந்தது, பிழைக்காது. "ஒண்ண மட்டும் விட்டா அது பாவம் லா, செல்வம். ஜோடியாவே வரட்டும்" என்று சிரித்தார்.

திருச்செல்வம் மனைவியைப் பார்த்தான். ஏழு மாதக் குழந்தை சர்வேஷ், தோட்ட லயத்தில் பக்கத்து வீட்டுச் செல்லத்தக்காவிடம் இருந்தான். பால் கட்டி அவள் மார்பு கனத்தது. "சீக்கிரம் முடிச்சிட்டுக் கெளம்பினா சரி" என்றுதான் அவள் சொன்னாள்.

இரண்டாவது மீன் சாக மறுத்தது. திருச்செல்வம் கட்டையால் அடித்துக்கொண்டே இருந்தான். மண்டை நசுங்கி ஒரு கண் வெளியே தொங்கிய பிறகும் அது வாயைத் திறந்து திறந்து மூடியது.

களக்.

மறுபடி படகுக்குப் பின்னால். "என்னங்க, கேட்டிச்சா?"

"வேற மீனு. நீ பார்த்து ஓட்டு, தண்ணிக்குள்ள கெடக்குற கட்டையில இடிச்சிராத."

"தங்கச்சிக்கு பயத்தப் பாரு" என்றார் செல்வராஜு. "இதையே சம்பல் போட்டுக் குடுத்தா பயமில்லாம சாப்பிடும்."

அப்போதுதான் அவள் தண்ணீரைப் பார்த்தாள். படகுக்கு அடியில் சிவந்திருந்தது. ரத்தம் என்று நினைத்தாள். ரத்தம் கலையும். இது கலையவில்லை. படகு திரும்பினால் திரும்பியது, நின்றால் நின்றது. பெற்றவர்கள் போனால் சிதறிப் போகும் குஞ்சுகள், ஆயிரக்கணக்கில், படகின் நிழலில் ஒண்டிக்கொண்டு வந்தன.

எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்து வாய் திறந்தன. தூறல் விழுவதுபோல் ஒரு சத்தம். அதே கணம் அவள் மார்பில் சுரீரென்று பால் இறங்கியது. பிள்ளை அழுதால் இறங்குமே, அப்படி. ரவிக்கை நனைந்தது. கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டாள்.

"போயிருவோங்க. இப்பவே."

"இரும்மா, ஒரு வீடியோ." செல்வராஜு ஒரு கையில் போனைப் பிடித்து, ரத்தம் காயாத மறு கையைத் தண்ணீரில் விட்டார். "கூசுதுலா. விரலச் சப்புதுங்க."

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

கை தோள்வரை தண்ணீருக்குள் போனது. முகம் படகு விளிம்பில் மோதிப் பற்கள் நொறுங்கின. கத்துவதற்குள் இன்னொரு இழுப்பு. திருச்செல்வம் பாய்ந்து அவர் இடுப்பு வாரைப் பிடித்தான். படகு சாய்ந்தது. அவள் மோட்டாரை விட்டுக் கணவனின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"விட்டுருங்க. அவர விட்டுருங்க."

"முடியல, பிரேமா. என்னைப் புடிச்சிருக்கு."

செருப்பு மட்டும் அவள் கையில் நின்றது.

மோட்டார் இருமி அணைந்தது. தண்ணீர் ஒருமுறை புரண்டு கறுத்தது. இரண்டு லைஃப் ஜாக்கெட்டுகள் மேலே வந்தன. கொக்கிகள் மாட்டியபடியே இருந்தன. உள்ளே ஆள் இல்லை.

அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பனி அந்தக் குரலை விழுங்கியது. மோட்டார் கயிற்றை இழுத்தாள். இழுத்தாள். மறுபடி இழுத்தாள்.

களக்.

இடது பக்கம். திருச்செல்வத்தின் தலை.

"என்னங்க."

நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. வாய் அகலத் திறந்து, காற்றை விழுங்கி, மூடியது. கண்கள் அவளைப் பார்த்தன. இமைக்கவில்லை. அவள் குப்புற விழுந்து கையை நீட்டினாள். குஞ்சுகளுக்கு மேலாக.

அவன் பாய்ந்தான்.

வலி பிறகுதான் வந்தது. முதலில் பார்த்தது தன் கையை. இரண்டு விரல்கள் இல்லை. அவன் மெல்லவில்லை. துப்பினான். பழையபடி தன் பக்கத்துக்குப் போனான்.

வலது பக்கம் இன்னொரு தலை எழுந்தது. உடைந்த பற்கள்.

அவள் அசையவில்லை. மார்பிலிருந்து வழிந்த பால் படகு விளிம்பைத் தாண்டிச் சொட்டியது. சொட்டிய இடத்தில் சிவப்பு மொய்த்தது. சுற்றிலும் சிவப்பு. நடுவில் படகு.

இரண்டு முகங்களும் அவள் பக்கம் திரும்பின. தங்கள் பிள்ளைகளுக்கு நடுவே விழுந்து கிடக்கும் ஒன்றைப் பார்ப்பதுபோல் பார்த்தன. பிறகு ஒன்றாகத் தண்ணீருக்குள் போயின.